இறுதியில் திறந்த பள்ளிக் கதவு

மரக்காணத்து உப்பளங்களில் பாத்தி கட்டி உழைப்போர்க்கு நன்கு தெரிந்த ஓர் உண்மை, சென்னைக் கோட்டையில் அமர்ந்து ஆணை எழுதியோர்க்குத் தெரியாமற் போயிற்று. உவர்நீரை ஒரே நாளில் உப்பாக்க எவராலும் இயலாது. ஒரு பாத்தியில் தேங்கி, அடுத்ததில் செறிந்து, இறுதிப் பாத்தியிற்றான் அது பூக்கும். எந்த மடையைத் திறப்பது, எதனை அடைப்பது என்பதை அன்றைய வெயிலும் காற்றும் நீரின் செறிவுமே முடிவு செய்யும். நாட்காட்டியைப் பார்த்து மடை திறப்பவன் உப்பளத்தில் ஒருவனும் இலன். பெருந்தொற்றுக் காலத்தில் தமிழ்நாட்டுப் பள்ளிகளோ நாட்காட்டியைப் பார்த்தே திறக்கப்பெற்றன. நாட்காட்டியைப் பார்த்தே அடைக்கப்பெற்றன.

மகுடை நச்சுயிரி (கொரோனா என்று பரவலாக வழங்கப்பெற்றது) 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தமிழகப் பள்ளிகளின் கதவை அடைத்தது. அதன்பின் நடந்தவற்றை வரிசையாக நோக்குக. 9 முதல் 12 வரையுள்ள வகுப்புகளை 16.11.2020 அன்று திறப்பதென்று அரசு அறிவித்தது; 9.11.2020 அன்று பெற்றோரை அழைத்துக் கருத்துக் கேட்டது, 12.11.2020 அன்று அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. 19.1.2021 அன்று 10, 12ஆம் வகுப்புகளும், 8.2.2021 அன்று 9, 11ஆம் வகுப்புகளும் திறந்தன. தஞ்சை மாவட்டத்துப் பள்ளிகள் சிலவற்றில் தொற்றுப் பரவவே, 22.3.2021 முதல் 9, 10, 11ஆம் வகுப்புகள் மீண்டும் அடைபட்டன. அவ்வாண்டு வேனிலில் வந்த இரண்டாம் அலை ஓய்ந்தபின், 1.9.2021 அன்று 9 முதல் 12 வரையிலும், 1.11.2021 அன்று 1 முதல் 8 வரையிலும் வகுப்புகள் தொடங்கின. மூன்றாம் அலையால் 2022ஆம் ஆண்டின் முதல் திங்களில் மற்றுமோர் அடைப்பு, 1.2.2022 அன்று மற்றுமொரு திறப்பு.

இவ்வரிசையில் ஒன்று கண்ணை உறுத்துகின்றது. முதலிற் பள்ளி சென்றவன் பொதுத்தேர்வு எழுத வேண்டிய மூத்த மாணவன். இறுதியிற் சென்றது அகரம் எழுதப் பழக வேண்டிய குழந்தை. 2020ஆம் ஆண்டில் ஐந்து அகவை நிரம்பி முதல் வகுப்பிற்குரியதான குழந்தை, முதல் வகுப்பின் சுவரையே காணாமல், 2021 நவம்பரில் இரண்டாம் வகுப்பிற்கு வந்து அமர்ந்தது. நோயின் கொடுமை முதியோர் மேலேயே மிகுதி என்பதும், சிறு குழந்தைகள் கடுமையாகத் தாக்குறுவது குறைவு என்பதும் 2020ஆம் ஆண்டிலேயே மருத்துவ உலகம் அறிந்த செய்திகள். மூத்த மாணவன் நூலைத் தானே புரட்டியேனும் ஓரளவு கற்பான்; குழந்தைக்கோ ஆசிரியர் கைபிடித்து எழுத வைத்தாலன்றி எழுத்து வாராது. இடர் குறைந்தோர் எவரோ அவரே இழப்பு மிகுந்தோர். அவர்க்கன்றோ கதவு முதலில் திறந்திருக்க வேண்டும்?

தென்மார்க்கு நாடு அவ்வாறே செய்தது. 15.4.2020 அன்று, ஐரோப்பாவே வீட்டுக்குள் அடங்கிக் கிடந்தபொழுது, மழலையர் காப்பகங்களையும் ஐந்தாம் வகுப்பு வரையிலான தொடக்க வகுப்புகளையுமே அது முதலில் திறந்தது. சிறு சிறு குழு, வெளியிடத்தில் பாடம், அடிக்கடி கைகழுவல் என்பனவே ஆங்குக் கைக்கொண்ட வழிகள். தமிழகமோ தேர்வை முன்னிறுத்தி வரிசை வகுத்தது. அத்தேர்வுகள்தாம் நடந்தனவா? 10ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு 2020, 2021 ஆகிய ஈராண்டும் கைவிடப்பட்டது. 12ஆம் வகுப்புத் தேர்வு 2021இல் கைவிடப்பட்டது. நடவாத தேர்வுக்காக நடக்க வேண்டிய அகரக் கல்வி காத்துக் கிடந்தது.

பிற கதவுகள் எவ்வெப்பொழுது திறந்தன என்பதையும் ஈண்டு எண்ணிப் பார்த்தல் தகும். அரசின் குடிக்கடைகள் 7.5.2020 அன்றே திறந்தன; உயர்மன்றத் தடையால் அடைபட்டு, உச்சமன்றத்தின் இசைவு பெற்று 16.5.2020 அன்று மீண்டும் திறந்தன. திரையரங்குகள் 10.11.2020 அன்று பாதி இருக்கைகளோடு திறந்தன. பள்ளித் திறப்புக் கைவிடப்பட்டது அதற்கு இரண்டு நாள் கழித்து! 6.10.2021, 9.10.2021 ஆகிய நாள்களில் விழுப்புரம் உள்ளிட்ட 9 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. சிற்றூர்களில் வாக்குச்சாவடி என்பது பெரும்பாலும் தொடக்கப்பள்ளியின் அறையேயன்றி வேறன்று. தந்தையின் ஒப்போலைக்காகத் திறந்த அவ்வறை, மகனின் எழுத்துப்பலகைக்காகத் திறக்க மேலும் மூன்று கிழமைகள் ஆயின.

பள்ளிகளை அடைத்ததே தவறு என்பதன்று இவற்றின் பொருள். அச்சம் மெய்யானது. 2.11.2020 அன்று பள்ளிகளைத் திறந்த ஆந்திரத்தில் முதற் சில நாள்களிலேயே மாணவரும் ஆசிரியருமாகப் பலர் தொற்றுற்றனர். 2021ஆம் ஆண்டு வேனிலில் மருத்துவமனை வாயில்களில் உயிர்வளிக்காகத் தமிழர் காத்துக் கிடந்த நிலையை மறக்கவொண்ணாது. பாட்டனும் பாட்டியும் ஒரே குடிசையில் உறங்கும் வீட்டில், பேரனுக்கு வந்த காய்ச்சல் பேரனோடு நிற்காது. ஆகவே, அடைத்தபொழுது அரசு அறிந்ததைக் கொண்டு செய்தது என்று கொள்ளலாம். திறந்தபொழுது அங்ஙனம் கொள்ள இயலவில்லை. எந்த ஊரில், எந்தப் பருவத்தில், எந்தக் கட்டடத்தில், எந்த நீரைக் கொண்டு என்னும் வினாக்களுள் ஒன்றையேனும் அந்த ஒற்றை ஆணை கேட்டதாகத் தெரியவில்லை.

அவ்வினாக்களை மரக்காணத்தில் நின்று கேட்டுப் பார்க்க வேண்டும். புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருமருங்கும் உப்புப் பாத்திகளும், மேற்கே கழுவெளி என்னும் உவர்நீர்ப் பரப்பும், கரை நெடுகக் குப்பங்களுமாய்க் கிடப்பது அந்நிலம். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இம்மரக்காணமே என்பர் அறிஞர். அத்தகு தொன்மையுடைய நெய்தல் நிலத்தில் ஆண்டு என்பது சூனில் தொடங்குவதன்று. சுறவத் திங்களில் (தை) பாத்தி திருத்தத் தொடங்கி, வேனில் முழுதும் உப்பு வாரி, துலைத் திங்களில் (ஐப்பசி) வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் தொழில் அற்றுப்போவதே அங்குள்ள ஆண்டு. விடியுமுன் பெற்றோர் இருவரும் பாத்திக்குச் சென்றுவிடுவர். வெயில் ஏறுமுன் வாரினாலன்றி உடல் தாங்காது.

இப்பொழுது அரசின் நாட்காட்டியை இதன்மேல் விரித்துப் பார்க்க. பள்ளி அடைபட்ட 2020 மார்ச்சு முதலாகப் பின்வந்த ஏழு திங்களும் பாத்தியில் வேலை மிகுந்த திங்கள்கள். வீட்டிற் பெரியவர் இல்லை, பள்ளி இல்லை. குழந்தை எங்கே போகும்? தாயின் பின்னே பாத்திக் கரைக்குத்தான் போகும். சிறுவர்களுக்கு உப்பு வாரும் பலகை பழகிவிட்டால் எழுதுகோல் பின்பு கனக்கும். பள்ளி திறந்த 1.11.2021 நாளோ மழையின் நடுவே விழுந்தது. அந்நவம்பர் தமிழகம் அரிதாகவே கண்ட பெருமழைத் திங்கள். திறந்த கதவை மழை விடுமுறைகள் அடுத்தடுத்து அடைத்தன. கூலியற்ற அப்பருவத்தில்தான் அக்குழந்தைக்குச் சத்துணவுக் கூடத்தின் அடுப்பு மிகுதியும் தேவை. பள்ளி அடைபட்ட காலத்தில் அரிசி, பருப்பு, முட்டை என உலர்பொருளாக அரசு தந்தது, அதனைப் பாராட்டலாம். எனினும், ஐந்து வாய் உள்ள வீட்டிற்குச் சென்ற ஒரு குழந்தையின் அரிசி, ஐவர்க்கும் பங்காயிற்று. பள்ளியில் இட்ட சோறு அக்குழந்தையின் வயிற்றுக்கே சென்றது.

புயலையும் ஈண்டுக் கூறல் வேண்டும். 25.11.2020 நள்ளிரவில் நிவர்ப் புயல் கரையேறியது மரக்காணத்தின் அருகேதான். 16.11.2020 அன்று பள்ளி திறந்திருப்பின், ஒன்பதாம் நாள் அடைத்திருக்க வேண்டும். கரையோரத்தில் பள்ளிக்கட்டடம் கல்வி நிலையம் மட்டுமன்று. அதுவே புயற்புகலிடம், அதுவே வாக்குச்சாவடி. ஓர் அறைக்கு இருபது குழந்தைகள் என்று பகலில் அளந்து வைத்த அதே அறையில், புயல் இரவில் ஒரு குப்பமே வந்து படுக்கும். அதன் மறுநாள் அவ்வறையைத் தூய்மை செய்வது எவர் பொறுப்பு, எத்தனை நாள் கழித்துக் குழந்தைகளை அமர்த்துவது என்பனவற்றை நோய்த்துறை ஆணையும் சொல்லவில்லை. புயல்துறை ஆணையும் சொல்லவில்லை. 2024ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயலும் இதே கரையை வெள்ளக்காடாக்கியது. இனியும் புயல் வரும், தொற்றும் வரும், இரண்டும் ஒருங்கே வாராது என்று எவர் உறுதி கூறுவர்?

இனி, கைகழுவும் நீர். ஒவ்வொரு நெறிமுறைத் தாளிலும் முதலில் நின்ற கட்டளை அது. வழலையிட்டு (சோப்பு) இருபது நொடி தேய்த்துக் கழுவுக என்றனர். உப்புக் கரையின் நிலத்தடி நீரில் வழலை நுரைக்குமா? உவரும் கடுமையும் ஏறிய நீரில் வழலை திரிந்து பிசுக்காகும். கையில் ஒட்டுமேயன்றி அழுக்கை அகற்றாது. இவ்வூர்ப் பெண்டிர் துணி துவைக்க நன்னீர் தேடி நடப்பது அதனாற்றான். அறுபது குழந்தைகள் ஒரு நாளில் நான்கு முறை கை கழுவ, ஒரு முறைக்கு ஒரு செம்பு எனினும், 240 செம்பு நன்னீர் வேண்டும். குடிக்கவே குடத்தை அளந்து வைக்கும் ஊரில் அந்நீர் எங்கிருந்து வரும் என்று கேளாமல் எழுதிய கட்டளை, வெறுந்தாளில் கழுவிய கையே. முகவுறை, காய்ச்சல் காட்டும் கருவி, ஊட்ட மாத்திரை என அனுப்பியவை பல. நன்னீர்க் குழாய் ஒன்று அவற்றினும் பெரிய மருந்தாகியிருக்கும்.

நீரினும் பெரிது காற்று. இந்நச்சுயிரி மூச்சுக்காற்றின் நுண்துளிகளால் அடைபட்ட அறைகளிற் பரவுவது என்பது போகப் போக உலகுக்குத் தெளிவாயிற்று. தொடக்கத்தில் மேசையையும் கதவையும் துடைப்பதிற் கழித்த காலத்தைக் காற்றுவழியிற் கழித்திருக்கலாம். பழந்தமிழர் பலகணிக்கு இட்ட பெயர்களுள் ஒன்று காலதர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. எதற்காக அத்துளை சுவரில் இருக்கின்றது என்பதைப் பெயரே சொல்லுகின்றது. பலகணியை ஒளிக்கென்று சிறிதாக வைத்து, பின்பு திருடர்க்கு அஞ்சிப் பலகை அடித்து, அதன்மேல் தாளும் ஒட்டி மூடிய பள்ளியறைகள் எத்தனை! கடற்காற்று ஓயாது வீசும் மரக்காணத்தில் காற்றுக்குப் பஞ்சமில்லை, மழைச்சாரல்தான் இடர். காலதரைத் திறந்தால் சாரல் பொத்தகத்தை நனைக்கும். அடைத்தால் மூச்சு அறைக்குள்ளேயே சுழலும். இதற்கு வழி, நீண்டு தாழ்ந்த இறவாணமும், சுவரின் மேற்பாதி திறந்த கொட்டகையுமே. 1904ஆம் ஆண்டிலேயே பெர்லினை அடுத்த சார்லட்டன்பர்க்கில், என்புருக்கி நோய்க்கு ஆட்படக்கூடிய நலிந்த குழந்தைகளுக்காகக் காட்டுக்குள் திறந்தவெளிப் பள்ளி தொடங்கினர். அது பின்பு பல நாடுகளிற் பரவியது. திண்ணையிலும் மரத்தடியிலும் மணலில் விரலால் எழுதிப் படித்த ஓர் இனத்திற்கு இதனைச் செருமானியர் வந்து கற்பிக்க வேண்டுவதில்லை. ஆயினும், பெருந்தொற்றுக் காலத்து நெறிமுறைகள் எல்லாம் அறைக்குள் எத்தனை பேர் என்றே எண்ணிக்கொண்டிருந்தன. அறையே எதற்கு என்று கேட்கவில்லை.

எண்ணிக்கையையும் சற்றுப் பார்ப்பது நன்று. 2021 தொடக்கத்தில் அறைக்கு 25 பேர். அவ்வாண்டு செப்டம்பரில் 20 பேர். மிகுந்தோர்க்குச் சுழற்சி முறை. ஐந்து வகுப்பு, அறுபது குழந்தைகள், இரண்டு ஆசிரியர், இரண்டு அறை என்பது தமிழகச் சிற்றூர்த் தொடக்கப்பள்ளிகளிற் பலவற்றின் நிலை. அறைக்கு இருபது எனின் நாளொன்றுக்கு நாற்பது பேர்தாம் வரலாம். கிழமையில் ஆறு நாள் பள்ளி நடப்பினும் ஒரு குழந்தைக்குக் கிடைப்பது நான்கு நாளே. எஞ்சிய இரண்டு நாளும் அது வீட்டிலா இருக்கும்? மீண்டும் பாத்திக்கரை, மீண்டும் தெருப்புழுதி, மீண்டும் அதே தோழர் கூட்டம். பள்ளியில் ஆறடி விலகியவர் தெருவில் தோளோடு தோளாக ஆடினர். காலையில் உடல் வெப்பம் பார்த்துப் பெற்றோரே அனுப்புக என்னும் அறிவுரையும், விடியுமுன் வேலைக்குச் சென்ற தாய்க்கு எழுதியதன்று.

சுழற்சியில் மற்றொரு நச்சும் ஒளிந்திருந்தது. தெருவாரியாக நாள் பிரித்தால் எளிது என்று எவரேனும் எண்ணியிருப்பின், ஊர்க்குழந்தைக்கு ஒரு நாள், சேரிக்குழந்தைக்கு ஒரு நாள், குப்பத்துக் குழந்தைக்கு ஒரு நாள் என்றாகியிருக்கும்! மூன்றிடத்துக் குழந்தைகளும் அருகருகே அமர்வது அப்பள்ளியில் மட்டுமே. அதனாற்றான் அக்காலத்தில் வழங்கிய ‘சமூக இடைவெளி’ என்னும் சொல் தமிழர் காதில் முள்ளாய்க் குத்தியது. குமுகாயத்தில் இடைவெளி இந்நாட்டில் ஈராயிரம் ஆண்டாய் இருக்கின்றது. அதற்கு நச்சுயிரி வந்து ஆணையிட வேண்டுவதில்லை. வேண்டியது உடல் இடைவெளி. அதனை அவ்வாறே சொல்லியிருக்கலாம். ‘லாக்டவுன்’, ‘ஆன்லைன்’, ‘சானிடைசர்’, ‘குவாரண்டைன்’ என்று தொலைக்காட்சி முழங்கிய அறிவிப்புகளில் எத்தனை சொல் உப்பளத் தாய்க்கு விளங்கின? நோய் தடுக்கும் அறிவுரை விளங்காவிடின் அது சொல்லப்படாததற்கே ஒப்பாகும். இது மொழிப்பற்றுக்காகக் கூறுவதன்று, உயிர்காப்புக்காகக் கூறுவது. முகவுறை, ஊரடங்கு, தனிமைப்படுத்தல், தடுப்பூசி எனத் தமிழில் சொன்னவை எவர் உதவியும் இன்றி ஊர்தோறும் சென்றமை கண்கூடு.

கல்வித் தொலைக்காட்சி 2019ஆம் ஆண்டிலேயே தொடங்கியிருந்தது தற்செயலான நற்பேறு. பெருந்தொற்றின்பொழுது பாடங்கள் அதில் ஒளிபரப்பாயின. ஆயினும் ஐந்து அகவைக் குழந்தை பெட்டியை நோக்கிக் கேள்வி கேட்க முடியாது. கேட்டாலும் அது மறுமொழி சொல்லாது. திறன்பேசி வழிப் பாடமோ உப்பளக் குடிக்குப் பெயரளவே. வீட்டுக்கு ஒன்று இருந்தாலும் அது பகலெல்லாம் தந்தையின் மடியில் இருக்கும்.

இந்நிலையில் அரசு செய்தவற்றுள் தலைசிறந்த ஒன்று மரக்காணத்திலேயே தொடங்கியது என்பதை மறைத்தல் நடுநிலை ஆகாது. 27.10.2021 அன்று, தொடக்க வகுப்புகள் திறப்பதற்கு ஐந்து நாள் முன்பு, மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் மு.க. இசுடாலின் ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 200 கோடி உருபா ஒதுக்கீடு; 1 முதல் 8 வரையுள்ள வகுப்புக் குழந்தைகட்கு மாலை 5 மணி முதல் 7 மணிக்குள் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம்; ஒரு தன்னார்வலர்க்கு ஏறத்தாழ இருபது குழந்தைகள்; திங்களுக்கு 1000 உருபா ஊக்கத்தொகை. பெயரில் ஓர் அயற்சொல் இல்லை என்பது இனிப்பின்மேல் தேன். வேலை முடிந்து தாய் வீடு திரும்பும் பொழுதில், அவள் தெருவிலேயே, அவள் தெருப் பெண்ணொருத்தியே கற்பித்தாள். எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் கட்டுண்ட பள்ளி நேரத்தினும் இது உப்பளக் குடியின் நாளுக்குப் பொருந்தியது. திண்ணையிலும் கோயில் முற்றத்திலும் மரத்தடியிலும் நடந்ததால் காற்றுக்கும் குறைவில்லை.

இதன் பயன் வெறும் புகழுரை அன்று. கார்த்திக் முரளிதரன் முதலிய பொருளியல் அறிஞர்கள் தமிழகச் சிற்றூர்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளை ஆய்ந்து 2022ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். 2021ஆம் ஆண்டின் இறுதியில், 2019ஆம் ஆண்டில் அதே அகவையில் இருந்த குழந்தைகளைவிட இவர்கள் மிகவும் பின்தங்கியிருந்தனர். மொழியினும் கணக்கில் இழப்பு ஏறத்தாழ இருமடங்கு. பள்ளி திறந்து ஆறு திங்களுக்குள் அவ்விழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. மீண்டதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இல்லம் தேடிக் கல்வியால் விளைந்தது. மொழியிழப்புக் குறைந்ததற்கு, தாய்மொழியை வீடு காத்தது என்பது ஒரு கரணியமாகலாம். கணக்கைக் காக்க வீட்டில் எவரும் இலர். இங்கே எழும் கேள்வி ஒன்றே: தெருத் திண்ணையில் இருபது குழந்தைகளை மாலையில் அமர்த்துவது 2021 அக்டோபரில் இயலும் எனின், முதல் அலை தணிந்திருந்த 2021 சனவரியில், வெயில் ஏறாத அந்நாள்களில், ஏன் இயலாது? அப்பொழுது வேண்டியது கட்டடம் அன்று. பணம் கூடப் பெரிதன்று. தொடக்கக் குழந்தையும் காத்திருக்க முடியாதவனே என்னும் எண்ணம்தான் வேண்டியிருந்தது.

உலகநல அமைப்பு 2023 மே திங்களில் நெருக்கடி நீங்கிற்று என அறிவித்துவிட்டது, முகவுறைகள் பரணேறிவிட்டன. செய்ய வேண்டியவற்றைச் செய்யத் தக்க பொழுது இதுவே. மரக்காணம், கோட்டக்குப்பம் முதல் வேதாரணியம், தூத்துக்குடி வரை உவர்நிலத்துத் தொடக்கப்பள்ளி ஒவ்வொன்றுக்கும் நன்னீர்க் குழாயும் தேக்கத்தொட்டியும் வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் மேற்பாதி திறந்த கொட்டகை ஒன்று வேண்டும். தொற்றில்லாக் காலத்தில் அஃது உண்ணும் கூடமாகட்டும். புயற்புகலிடத்தைப் பள்ளியறையினின்று பிரித்துத் தனிக்கட்டடமாக்க வேண்டும். திறப்பதா அடைப்பதா என்பதை ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவும் தலைமையாசிரியரும் அவ்வட்டார நலவாழ்வு நிலைய மருத்துவரும் கூடி, தம் ஊரின் நோய்க்கணக்கையும் மழையையும் உப்பள வேலையையும் பார்த்து முடிவு செய்யச் சட்டம் இடம் தர வேண்டும். அதற்கு அஞ்சுவோர், சென்னையில் எடுத்த முடிவுகள் எத்தனை முறை திரும்பப் பெறப்பட்டன என எண்ணிக்கொள்க. தொற்று மீண்டும் வந்து, பள்ளிகள் மீண்டும் அடைபட்டு, மீண்டும் திறக்கும் நாள் வருமாயின், முதல் நாள் அழைக்கும் குழந்தைகளின் பெயர்ப்பட்டியல் முதல் வகுப்பிலிருந்து தொடங்கட்டும். பன்னிரண்டாம் வகுப்பு அதன்பின் வரட்டும்.